கதையில் வரும் பரம்பரை நோய்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பரம்பரை நோயை எதிர்கொள்ளும் இளம் டாக்டரை வைத்துக் கதை எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பாதிக்கு மேல், மூளை நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழியும் ஹண்டிங்டன் நோயைப் பற்றியவை. அதனால் பதில்களும் பெரும்பாலும் அதைச் சுற்றியே.

என் நாவலின் நாயகி ஹவுஸ் சர்ஜன். அவள் அப்பாவுக்கு ஹண்டிங்டன் நோய். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். சொந்தத்தில் கட்டியதால்தான் இந்த நோய் வந்தது என்று பாட்டி புலம்ப, நாயகி அதை ஆமோதிக்கிறாள். சரிதானே?
— வாசகி, தஞ்சாவூர்

பாட்டி தாராளமாகப் புலம்பட்டும். நாயகி ஆமோதிக்கக் கூடாது. எம்.பி.பி.எஸ். முடித்தவள் அப்படித் தலையாட்டினால் விவரம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

ஹண்டிங்டன் நோய் ஓங்கு வகையைச் சேர்ந்தது. 4-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டிருந்தாலே போதும். அது அப்பாவிடமிருந்து வந்தாலும் சரி, அம்மாவிடமிருந்து வந்தாலும் சரி, பிள்ளை ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா யாரைக் கட்டியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறியிருக்காது. சொந்தத்தில் கட்டுவதால் கூடுவது ஒடுங்கு வகை நோய்கள்: தலசீமியா, வில்சன் நோய் போன்றவை. அவற்றில் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்து சேர்ந்தால்தான் நோய். இருவருக்கும் ஒரே தாத்தா என்றால் ஒரே கெட்ட பிரதி இரண்டு பக்கமும் இறங்கியிருக்கலாம்.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம், "அண்ணனுக்கு வந்துவிட்டது, கணக்கு தீர்ந்தது, எனக்கு வராது" என்று தம்பி பேசுவது. காசைச் சுண்டினால் முந்தைய தடவை பூ விழுந்தது இந்தத் தடவைக்குத் தெரியாது. ஆனால் இந்த வசனத்தை நீக்க வேண்டாம். உண்மையான குடும்பங்களில் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். யார் வாயில் வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

"ஒரு தலைமுறை தாண்டி வந்தது" என்பதும் தவறு. இந்த மரபணு தாண்டிக் குதிப்பதில்லை. தாண்டியது போலத் தெரிந்தால் மூன்று காரணங்களில் ஒன்றைக் கதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா நோய் வெளிப்படும் வயதுக்கு முன்பே விபத்திலோ காய்ச்சலிலோ போயிருக்கலாம். அவருக்கு இருந்ததைக் குடி என்றும் கிறுக்கு என்றும் ஊர் பெயர் வைத்திருக்கலாம். மூன்றாவதுதான் நுட்பமானது. இந்த மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து வரிசை திரும்பத் திரும்ப வரும். 26 வரை இயல்பு. 27 முதல் 35 வரை இடைநிலை. அது உள்ளவருக்கு நோய் வராது. 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். 40-ஐத் தொட்டால், முழு ஆயுள் வாழ்ந்தால் வரும். இந்த எண்ணிக்கை விந்தணுவில் நிலையில்லாமல் கூடக்கூடியது. இடைநிலை எண்ணிக்கை உள்ள தகப்பன் ஆரோக்கியமாக 80 வயது வாழ்ந்து, பிள்ளைக்கு மட்டும் 40-க்கு மேல் கொடுத்துவிட்டுப் போகலாம். எந்தப் பாட்டிக்கும் தெரியாத காரணம் இது.

அப்பாவின் நோய் தொடங்குவதை டாக்டர் மகனே கவனிக்காமல் விடுவதாக எழுத ஆசை. நம்பும்படி இருக்குமா? முதல் அறிகுறிகள் எப்படி இருக்கும்?
— வாசகர், கோவில்பட்டி

நன்றாகவே நம்பலாம். வீட்டு மனிதரை யாரும் ஓ.பி. நோயாளியைப் பார்ப்பது போலப் பார்ப்பதில்லை.

பெரும்பாலும் 30-லிருந்து 50 வயதுக்குள் தொடங்கும். பலருக்கு முதலில் மாறுவது குணம்தான். சிடுசிடுப்பு, எதிலும் நாட்டமின்மை, மனச்சோர்வு; இருபது வருடமாகப் போட்ட கணக்கில் தப்பு, கியாஸ் அடுப்பில் பால் வைத்துவிட்டு வேறொன்றுக்குப் போய்விடுவது. உடலசைவு பிறகு வரலாம். அதற்கு மருத்துவத்தில் கொரியா என்று பெயர், நாட்டியம் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல். நடுக்கம் என்று எழுதாதீர்கள். நடுக்கத்துக்கு ஒரு தாளம் உண்டு, இதற்குக் கிடையாது. விரலில் ஒரு சுண்டல், தோளில் ஒரு குலுக்கல், புருவத்தில் ஒரு ஏற்றம் என்று இடம் மாறி ஓடிக்கொண்டே இருக்கும். தூங்கும்போது பெரும்பாலும் அடங்கிவிடும்.

நல்ல எழுத்தாளருக்கு அகப்படும் விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. தானாக வரும் அசைவை நோயாளி வேண்டுமென்றே செய்தது போல முடித்துவிடுவார். கை தானாக மேலே கிளம்பும். போகிற போக்கில் தலைமுடியைக் கோதிவிட்டு இறங்கும். தோள் குலுங்கும், உடனே துண்டைச் சரிசெய்துகொள்வார். ஒரு கல்யாணப் பந்தியில் அப்பா ஐந்து நிமிடத்தில் ஏழு முறை வேட்டி முனையை இழுத்துச் செருகுவதை மகன் பார்க்கிறான். "என்னப்பா, வேட்டி நிக்க மாட்டேங்குதா?" என்று சிரிக்கிறான். ஒன்றரை வருடம் கழித்து, வார்டில் வேறொரு நோயாளி இதேபோலச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருக்கும்போது அந்தப் பந்தி நினைவுக்கு வரட்டும். அதற்கு மேல் விளக்கம் எழுத வேண்டாம்.

பரிசோதனைக் காட்சி வேண்டுமென்றால், நியூராலஜி டாக்டர் செய்வது இதுதான். நாக்கை நீட்டி 10 விநாடி வைத்திருக்கச் சொல்வார். நாக்கு பாம்பு போல உள்ளே போய்ப் போய் வரும். தன் இரண்டு விரல்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்; பிடி பால் கறப்பது போல இறுகி இறுகித் தளரும். தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்கு மாற்றச் சொல்வார். கண் கிளம்பத் தாமதிக்கும், ஒரு சிமிட்டலோ தலைத் திருப்பலோ இல்லாமல் கிளம்பாது. முஷ்டி, கையின் விளிம்பு, உள்ளங்கை என்று மூன்று நிலைகளை மேசைமேல் வரிசையாகத் தட்டச் சொல்வார். நான்காவது சுற்றில் வரிசை கலைந்துவிடும்.

அப்பா "எனக்கு ஒண்ணுமில்லைடா" என்று சொல்வதைப் பொய்யாக எழுதாதீர்கள். தன் உடல் அசைவதே தெரியாமல் போவது இந்த நோயின் ஒரு பகுதி. அவரைப் பொறுத்தவரை அவர் உண்மையைத்தான் சொல்கிறார்.

நாயகன் ராத்திரி டியூட்டியில் தன் ரத்தத்தைத் தானே எடுத்து, பொய்ப் பெயரில் லேபுக்கு அனுப்புகிறான். காலையில் ரிப்போர்ட் வருகிறது. எழுதலாமா?
— வாசகர், சேலம்

ரத்தம் எடுப்பதுவரை எழுதலாம். காலையில் ரிப்போர்ட் வராது. இது சர்க்கரை அளவு பார்ப்பது போன்றதல்ல, வாரக்கணக்காகும். அறிகுறி இல்லாத ஒருவருக்கு, ஆலோசனைக் குறிப்பு எதுவும் இல்லாமல், சும்மா ஒரு பெயர் எழுதிய டியூப்பை முறையாக நடக்கும் மரபணுச் சோதனைக்கூடம் வாங்கவும் வாங்காது. பொய்ப் பெயரில் அனுப்பி எப்படியோ முடிவு வந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. டியூப் மாறியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பான்?

முறைப்படி நடப்பது இது. முதல் சந்திப்பில் மரபியல் ஆலோசகர் மூன்று தலைமுறைக் குடும்ப மரம் வரைவார். நோயுள்ள உறவினர் யாருக்காவது மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்தியிருக்கிறதா என்று கேட்பார். இது சம்பிரதாயக் கேள்வி அல்ல. ஹண்டிங்டன் போலவே தோன்றும் வேறு மரபணு நோய்கள் இருக்கின்றன. அப்பாவுக்கு இருந்தது அதில் ஒன்றாக இருந்தால், மகனின் "இல்லை" என்ற ரிப்போர்ட்டுக்கு மதிப்பே கிடையாது. அப்பா ரத்தம் கொடுக்காமலே இறந்துபோன கதையில் இந்த ஓட்டை கடைசிவரை திறந்தே இருக்கும். பிறகு நரம்பியல் பரிசோதனை, மனநல மதிப்பீடு. கூட வர ஒருவர் வேண்டும். அதே ஆபத்தில் இருக்கும் அக்காவோ தம்பியோ அந்த ஆளாக இல்லாமல் இருப்பது நல்லது. யோசிக்க இடைவெளி, அப்புறம்தான் ரத்தம். முடிவை நேரில்தான் சொல்வார்கள், போனில் சொல்ல மாட்டார்கள். எந்தக் கட்டத்திலும் "வேண்டாம்" என்று எழுந்து போகலாம். ரிப்போர்ட் தயாராகி உறையில் இருக்கும்போதுகூட. 18 வயதுக்குக் கீழே அறிகுறியில்லாத பிள்ளைகளுக்குச் சோதனை இல்லை.

ரத்தம் சில மில்லி போதும். ஊதா மூடி போட்ட, ரத்தம் உறையாமல் வைக்கும் ஈ.டி.டி.ஏ. டியூப். உங்கள் நாயகன் அவசரத்தில் பச்சை மூடி ஹெப்பாரின் டியூப்பில் எடுத்துவிட்டால் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். சரியாக வேலை செய்யாது. ஹெப்பாரின் அதைத் தடுக்கும். சோதனைக்கூடத்தில் வெள்ளணுக்களிலிருந்து டி.என்.ஏ. பிரித்து, அந்த சி.ஏ.ஜி. பகுதியை மட்டும் பெருக்கி, நீளம் அளப்பார்கள். திரையில் இரண்டு சிகரங்கள் தெரியும், தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று. ரிப்போர்ட்டில் 17/43 என்பது போல இரண்டு எண்கள்.

சில சமயம் ஒரே ஒரு சிகரம்தான் தெரியும், 18-இல் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு பொருள் உண்டு. இரண்டு பிரதிகளும் 18 ஆக இருக்கலாம். அல்லது இன்னொன்று மிக நீளமாகி இந்த முறையில் பெருகாமலே போயிருக்கலாம். வேறு வகை பி.சி.ஆர். செய்து பார்க்கும்வரை ரிப்போர்ட் வெளியே போகாது. "காலையில் ரிப்போர்ட்" என்பதைவிட இந்த ஒற்றைச் சிகரம் உங்களுக்கு நல்ல அத்தியாயம் தரும்.

43 என்று வந்தால் எந்த வயதில் நோய் வரும் என்று சொல்லிவிட முடியாது. எண்ணிக்கை கூடினால் பொதுவாகச் சீக்கிரம் வரும். 60-க்கு மேல் போனால் பள்ளி வயதிலேயே வரலாம். ஆனால் எண்ணிக்கை 40-களில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே எண் இருந்தும் பத்துப் பதினைந்து வருட வித்தியாசத்தில் தொடங்கக்கூடும். "உனக்கு 41 வயதில் வரும்" என்று பேசும் டாக்டரைக் கதையிலிருந்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. ஆபத்தில் இருக்கும் பெரியவர்களில் சோதனை செய்துகொள்கிறவர்கள் எல்லா நாட்டிலும் சிறுபான்மைதான். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒரு முடிவு. எழுதுவதற்கு அதுதான் கடினம். காலையில் டம்ளர் கைதவறினால் அன்று முழுக்க விரலையே பார்த்துக்கொண்டிருப்பது, கண்ணாடி முன் நாக்கை நீட்டி 10 வரை எண்ணுவது என்று ஒரு டாக்டர் தன்னைத்தானே தேடும் தேடல் அதில்தான் இருக்கிறது.

மரபணு இருப்பது தெரிந்தால் சர்ஜரி பி.ஜி.யிலிருந்து நீக்குவார்களா?
— வாசகி, ஈரோடு

மரபணு இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. 27 வயதில் அறிகுறி எதுவும் இல்லாத கைக்கு அறுவை செய்வதில் தடை இல்லை. அறிகுறி தொடங்கிய பிறகு அவளே நிறுத்த வேண்டும். ஆனால் மேலே சொன்னதுபோல, தொடங்கியது அவளுக்கே தெரியாமல் போகலாம். ஆகவே வருடா வருடம் தன்னைப் பரிசோதித்து "போதும், நிறுத்து" என்று சொல்ல ஒரு மூத்த டாக்டரிடம் அவள் முன்கூட்டியே கேட்டுவைத்திருக்க வேண்டும். அந்த ஆள் யார் என்பதில் உங்களுக்கு ஒரு பாத்திரம் கிடைக்கிறது.

என் கதை 1978-இல் நடக்கிறது. அப்போது என்ன தெரிந்திருக்கும்?
— வாசகர், மதுரை

மரபணுச் சோதனை கிடையாது. குடும்ப வரலாறும் டாக்டரின் கண்ணும்தான். கை கால் ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்க ஹாலோபெரிடால் இருந்தது. ஆபத்து பாதிக்குப் பாதி என்று சொல்ல முடியும், அந்தப் பாதியில் நீ எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. 1983-இல்தான் ஜேம்ஸ் குசெல்லா குழு இந்த மரபணு 4-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று அடையாளம் கண்டது. வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரைக் குடும்பங்களின் ரத்தம் அதற்குப் பெரிதும் உதவியது. அதன்பின் சில ஆண்டுகள், மரபணுவுக்கு அருகில் இருக்கும் டி.என்.ஏ. அடையாளத்தை வைத்து மறைமுகச் சோதனை நடந்தது. அதற்கு உறவினர் பலரும் ரத்தம் கொடுக்க வேண்டும், ஒரு சித்தப்பா மறுத்தாலும் சோதனை நின்றுபோகலாம். கதையைப் பத்து வருடம் தள்ளினால் இது கிடைக்கும். மரபணுவே கிடைத்தது 1993-இல்.

நோய்க்குப் பெயர் தந்த ஜார்ஜ் ஹண்டிங்டனே இளம் டாக்டர்தான். 1872-இல் அந்தக் கட்டுரையை வெளியிட்டபோது அவருக்கு வயது 22. அவருடைய அப்பாவும் தாத்தாவும் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் டாக்டர்கள். மூன்று தலைமுறையாக ஒரே குடும்பங்களைப் பார்த்ததால்தான் அது வழிவழியாக இறங்குவது தெரிந்தது. வெனிசுவேலா ஆய்வை நடத்திய உளவியலாளர் நான்சி வெக்ஸ்லரின் தாய் இறந்தது நீங்கள் எடுத்த அதே 1978-இல், இதே நோயால். சோதனைக்கு வழி திறந்தவர்களில் ஒருவரான அவர், அந்தச் சோதனையைத் தான் செய்துகொள்ளவில்லை. தனக்கும் நோய் இருப்பதை 2020-இல் வெளியே சொன்னார். உங்கள் நாயகிக்கு இதைவிடச் சிக்கலான மனநிலையைக் கற்பனையில் உருவாக்குவது கஷ்டம்.

நாயகி அம்மாவுக்கு வீட்டிலேயே வைத்தியம் பார்க்கிறாள். என்ன மருந்து, என்ன சாப்பாடு, எதில் தப்பு நடக்கும்?
— வாசகி, புதுச்சேரி

நோயை நிறுத்தும் மருந்து இல்லை. அசைவைக் குறைக்க டெட்ராபெனசின். 25 மி.கி. மாத்திரையில் பாதி, நாளுக்கு ஒரு வேளையில் தொடங்கி, வாரத்துக்கு 12.5 மி.கி. வீதம் ஏற்றுவார்கள். அது மூளையில் டோபமின் என்ற, செய்தி கடத்தும் வேதிப்பொருளைக் குறைக்கும். அதனால் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கூட்டக்கூடும். நோயே அந்த இரண்டையும் கொண்டுவருவது, மருந்தும் சேர்ந்துகொள்ளும்.

டாக்டர் மகள் செய்யக்கூடிய தப்பு ஒன்று சொல்கிறோம். அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள் என்று அவளே மனச்சோர்வு மருந்தான ஃபுளுவாக்செட்டினைத் தொடங்குகிறாள். டெட்ராபெனசினை உடலிலிருந்து வெளியேற்றும் ஈரல் நொதியை அது முடக்கும். டோஸ் ஏற்றாமலே ரத்தத்தில் மருந்து ஏறும். ஒன்றிரண்டு வாரத்தில் அம்மா ஆட்டம் நின்று, முகம் இறுகி, பகலெல்லாம் தூங்குகிறாள். ஆட்டம் நின்றதைப் பார்த்து வீடே சந்தோஷப்படும். தப்பைச் செய்த மகளுக்கு மட்டும் சந்தேகம் வரட்டும்.

சாப்பாட்டில்தான் உயிர் இருக்கிறது. நோய் முற்றியவர்கள் அதிகம் இறப்பது உணவு மூச்சுக்குழாயில் இறங்கி வரும் நிமோனியாவில். தண்ணீர், ரசம் போன்றவைதான் ஆபத்து, வேகமாக ஓடிவிடும். ரசம் சாதம் அதைவிட மோசம், வாய்க்குள் நீரும் பருக்கையும் தனித்தனியாகப் பிரியும். கெட்டியான கூழ், குழைய மசித்த தயிர் சாதம், ஒரே பதமாக இருப்பது எதுவும் பாதுகாப்பு. நேராக உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சின்னக் கரண்டியில். விழுங்கிய பிறகே அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. ஓயாத அசைவால் எடை இறங்கிக்கொண்டே போகும். சாதாரண ஆளைவிட மிக அதிகக் கலோரி வேண்டும். நெய்யைத் தாராளமாக ஊற்றச் சொல்லும் டாக்டரைக் காட்டக் கிடைத்த அபூர்வ வாய்ப்பு.

நாயகியின் அக்கா கர்ப்பமாக இருக்கிறாள். குழந்தைக்குச் சோதனை செய்யலாமா?
— வாசகி, கும்பகோணம்

செய்யலாம். 11-லிருந்து 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவைச் சிறிது எடுத்துப் பார்ப்பார்கள். கருவைச் சோதிப்பது பற்றிய 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து மூலம் சம்மதம் வேண்டும். ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது, ஜாடையாகவும் கூடாது. ஆனால் சிக்கல் வேறிடத்தில். அக்கா தன்னைச் சோதித்துக்கொள்ளவில்லை. குழந்தைக்கு இருக்கிறது என்று வந்தால் அக்காவுக்கும் இருக்கிறது என்று அதே வரியில் தெரிந்துவிடும். கர்ப்பத்தைத் தொடரவே போகிறாள் என்றால் இந்தச் சோதனை வேண்டாம் என்பார்கள். பிறக்கும் முன்பே ஒரு பிள்ளையின் தலையெழுத்தைப் படித்துவைத்தது போலாகும்.

தன் நிலை தெரிய வேண்டாம், ஆனால் ஆபத்தில்லாத குழந்தை வேண்டும் என்றால் விலக்குச் சோதனை என்று ஒரு வழி உண்டு. கருவுக்கு அக்கா வழியாக இறங்கியிருப்பது பாட்டியின் 4-ஆம் குரோமோசோமா, நோயுள்ள தாத்தாவுடையதா என்று மட்டும் பார்ப்பார்கள். தாத்தாவுடையது என்றால் கர்ப்பத்தை நிறுத்துவார்கள்; அதில் நோய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லாத கருவையும் இழக்க நேரலாம் என்பதுதான் இதன் விலை.

கடைசி அத்தியாயத்தில் குணப்படுத்தும் ஊசி கண்டுபிடிக்கப்படுவதாக முடிக்கலாமா? சோகமாக முடிக்க மனம் வரவில்லை.
— வாசகர், திண்டுக்கல்

2021 மார்ச்சில் டோமினெர்சென் என்ற ஊசி மருந்தின் பெரிய சோதனையில் மருந்து கொடுப்பதை நிறுத்தினார்கள். முதுகுத்தண்டு வழியாகச் செலுத்துவது. அடிக்கடி மருந்து பெற்றவர்கள், மருந்தே பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரத்தைக் கதையில் வைப்பது உங்கள் ஊசியைவிட நிஜமாக இருக்கும்.

பிழைக்க வைத்தே ஆக வேண்டுமென்றால் நோயை மாற்றுங்கள். வில்சன் நோய் இருக்கிறது. செம்பு உடலைவிட்டு வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் படியும். ஒடுங்கு வகை, அதனால் உங்கள் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணமும் இங்கே பொருந்தும். அண்ணனுக்கு இருந்தால் தங்கைக்கு 4-இல் 1 வாய்ப்பு. கருவிழி ஓரத்தில் பொன்பழுப்பு வளையம். கண் டாக்டரின் ஸ்லிட் லாம்ப்பில் நன்றாகத் தெரியும். ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதம் குறைவு, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு 100 மைக்ரோகிராமுக்கு மேல். செம்பை வெளியேற்றும் பெனிசிலமின் வெறும் வயிற்றில், கூடவே பைரிடாக்சின் (பி6 வைட்டமின்). குறைந்த டோஸில் தொடங்க வேண்டும், அவசரப்பட்டால் நரம்பு அறிகுறிகள் கூடிவிடும். வாழ்நாள் முழுக்க மருந்து, நிறுத்தினால் ஆபத்து. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் தங்கை நன்றாக வாழ்வாள்.

முந்திரி, சாக்லேட், ஈரல், காளான் எல்லாம் முதல் வருடம் ஒதுக்கப்படும். செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரும்தான். அந்தக் குடத்தை முதல் அத்தியாயத்திலேயே கூடத்தின் மூலையில் வைத்துவிடுங்கள்.